ஒரே பெயர், வேறு வேறு நோய்கள்: கருப்பை உட்படல அழற்சி

31 வயதுள்ள சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு இரண்டு முறை, எட்டாவது வாரத்திலும் ஒன்பதாவது வாரத்திலும், கரு கலைந்திருக்கிறது. மூன்றாவது முறை முயல்வதற்கு முன் கருப்பையின் உள்ளிருந்து சிறிதளவு திசு எடுத்துப் பரிசோதித்ததில் 'குரோனிக் எண்டோமெட்ரைட்டிஸ்', அதாவது நாள்பட்ட கருப்பை உட்படல அழற்சி, என்று அறிக்கை வந்திருக்கிறது. சென்ற ஆண்டு அவருடைய தங்கைக்கு சிசேரியன் முடிந்த நான்காம் நாள் கடுமையான காய்ச்சல் வந்தது. அப்போதும் மருத்துவமனைச் சீட்டில் 'எண்டோமெட்ரைட்டிஸ்' என்றே எழுதியிருந்தார்கள். ஊசி மருந்திலேயே குணமாகிவிட்டது. இது எங்கள் குடும்பத்தில் ஓடும் நோயா, தங்கைக்கு ஐந்து நாளில் சரியானது எனக்கு ஏன் வாரக்கணக்கில் இழுக்கிறது, புண் பிடித்த கர்ப்பப்பையை வைத்திருந்தால் புற்றுநோயாகும், எடுத்துவிடு என்று உறவினர் ஒருவர் சொல்வது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள்.

மூன்றாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கையில் உள்ள அழற்சி புற்றுநோய் அல்ல. அதற்காகக் கருப்பையை எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. இது பரம்பரை நோயும் அல்ல. உங்களுக்கும் தங்கைக்கும் வந்தவை பெயரளவில்தான் ஒன்று. வந்த வழி, நடந்துகொள்ளும் விதம், மருந்து, அவசரம் எல்லாமே வேறு.

பெயர்க் குழப்பம் இன்னொன்றும் உண்டு. கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் மென்மையான படலத்துக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். அந்தப் படலம் தன் இடத்திலேயே இருந்து வீக்கமும் சிவப்பும் கொள்வது எண்டோமெட்ரைட்டிஸ். அதே படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலை ஒட்டியோ, வளர்ந்து மாதவிடாய் நாட்களில் கடும் வலி தருவது எண்டோமெட்ரியோசிஸ். முன்னது பெரும்பாலும் கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. பின்னது கிருமியால் வருவதல்ல, ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பது. சில எழுத்துகள் பிசகினால் நோயே மாறிவிடும் என்பதால், யாரிடமாவது ஆலோசனை கேட்கும்போது பெயரை வாயால் சொல்லாமல் அறிக்கையைக் கையில் கொடுங்கள்.

இந்தப் படலம் உடம்பில் வேறெங்கும் இல்லாத ஒரு வேலையைச் செய்கிறது. அதில் இரண்டு அடுக்குகள் உள்ளன. மேலடுக்கு மாதந்தோறும் தடித்து வளர்ந்து, கரு தங்கவில்லையென்றால் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. கீழடுக்கு உதிர்வதில்லை, அதிலிருந்துதான் அடுத்த மாதத்துப் படலம் முளைக்கிறது. ஆகவே மேலடுக்கில் ஒட்டும் கிருமி பெரும்பாலும் அந்த மாதத் தீட்டோடு அடித்துச் செல்லப்படும். இதற்கு மேல், கருப்பை வாயை அடைத்திருக்கும் சளியும் ஒரு காவல். இந்தக் காவல் உடையும் சந்தர்ப்பங்கள் பிரசவம், கருச்சிதைவு, கருப்பைக்குள் கருவி நுழைக்கும் சிகிச்சைகள், பாலுறவு வழியாக மேலேறும் சில கிருமிகள் ஆகியவை. அப்போது திடீரென்று எரியும் அழற்சி தங்கைக்கு வந்தது. கிருமி கீழடுக்கில் குடியேறி, சத்தமில்லாமல் புகைந்துகொண்டிருப்பது உங்களுடையது.

தங்கையின் நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் அது முடிந்துபோன கதையாக இருக்கலாம். ஆனால் அது உயிரை எடுக்கக்கூடியது, இன்னும் பல வீடுகளில் தாமதமாகவே கண்டுகொள்ளப்படுவது.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்து விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுக்குப் புண் எஞ்சுகிறது. வெளியே தெரியாத புண் என்பதால் யாரும் அதைப் புண்ணாக நினைப்பதில்லை. கிழிந்த இரத்தக் குழாய்களின் வாயில் உறைந்த இரத்தமும், உதிரக் காத்திருக்கும் திசுவும், உடல் சூடும் சேர்ந்தால் கிருமிக்கு அதைவிடச் செழிப்பான நிலம் கிடையாது. நீண்டு போன பிரசவ வலி, பனிக்குடம் உடைந்து பல மணி நேரம் கழித்துப் பிறந்த குழந்தை, உள்பரிசோதனைகள் அதிகமாக நடந்தது, நஞ்சுக்கொடியைக் கையால் எடுக்க நேர்ந்தது, இரத்தசோகை, சர்க்கரை நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் சிசேரியன்தான், அதிலும் வலி வந்து நெடுநேரம் கழித்து அவசரமாகச் செய்யப்படும் சிசேரியன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பார்வைச் சுற்றில் அந்தத் தாயின் படுக்கை அருகே நின்றால் தெரியும். முகம் வாடியிருக்கும். குழந்தையைத் தூக்கக்கூட மனமில்லாமல் திரும்பிப் படுத்திருப்பார். நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டித் துடிக்கும். வயிற்றில் கை வைத்தால், பிரசவமான மறுநாள் தொப்புள் மட்டத்தில் இருந்து அதன்பின் நாளொன்றுக்கு ஒரு விரற்கடை வீதம் கீழிறங்கியிருக்க வேண்டிய கருப்பை, இறங்காமல் மேலேயே நிற்கும். கெட்டியாக ஒரு பந்து போலத் தட்டுப்பட வேண்டியது தொளதொளவென்று இருக்கும். மெல்ல அழுத்தினாலே முகம் சுளிப்பார். துணியை எடுத்துப் பார்த்தால் தீட்டில் அழுகிய வாடை அடிக்கும். இவ்வளவும் தெரிந்த பிறகு நோயைப் பெயரிட ஸ்கேன் தேவையில்லை. இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் பெரிய சாட்சி அல்ல. பிரசவித்த ஆரோக்கியமான பெண்ணுக்கே அது 20,000ஐத் தொடுவது உண்டு.

பிரசவித்தவருக்குக் காய்ச்சல் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'பால் கட்டின காய்ச்சல்' என்பது. பால் கட்டினால் காய்ச்சல் வருவது மெய்தான். ஆனால் அது பெரும்பாலும் 102 டிகிரியைத் தாண்டாது, ஒரு நாளைக்கு மேல் நீடிக்காது, மார்பு கல்லாகி வலிக்கும். அடிவயிற்று வலியோ தீட்டில் நாற்றமோ கூடவே இருந்தால், அல்லது குளிர் நடுக்கம் எடுத்தால், அதைப் பால் காய்ச்சல் என்று சொல்லிப் பாராசிட்டமால் கொடுத்து இரவைக் கடத்தக் கூடாது. பிரசவ லேகியம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது இந்தக் காய்ச்சலுக்கு மருந்து அல்ல. பிரசவமான ஆறு வாரத்துக்குள் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சு வாங்கினாலோ, பிதற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். நம் பாட்டிமார் 'பிள்ளை பெற்றவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது' என்று அஞ்சிய மரணங்களில் பல, இந்த அழற்சி இரத்தத்தில் ஏறியதன் கடைசிக் கட்டமாகவே இருந்திருக்கும்.

அந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846ஆம் ஆண்டு முதல் பிரிவில் நூறு தாய்மாருக்குப் பதினொருவர் இறந்தார்கள். இரண்டாவதில் மூவருக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்று கண்டு, 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். மறு ஆண்டு மரணம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலத்தில், ஒரு வாளி நீர் செய்த வேலை அது. கிருமித் தொற்றை அடக்கும் சல்ஃபா மருந்து கைக்கு வர 1930களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் உலகெங்கும் பேறுகாலத் தாய் மரணங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று கிருமித் தொற்றால்தான் நிகழ்கிறது. பிரசவ அறையில் உள்பரிசோதனைக்கு வருபவர் கை கழுவிப் புதுக் கையுறை போடுகிறாரா என்று உடன் இருக்கும் பெண் கவனிப்பதில் தவறே இல்லை. கேட்பதிலும் தவறு இல்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை, கிளிண்டாமைசின், ஜென்டாமைசின் என்ற இரண்டு மருந்துகளை இரத்த நாளம் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது உலகெங்கும் நெடுநாளாக நிலைபெற்ற முறை. காற்று இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளை முன்னது கவனிக்கும்; குடல் வழி வரும் கிருமிகளைப் பின்னது கவனிக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். காய்ச்சல் விட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆனதும் ஊசியை நிறுத்திவிடலாம். உங்கள் தங்கை ஐந்தே நாளில் எழுந்து நடந்தது இதனால்தான். மூன்று நாளாகியும் காய்ச்சல் அசையவில்லையென்றால் நஞ்சுக்கொடியின் துண்டு ஏதும் உள்ளே தங்கியிருக்கிறதா, சீழ்க்கட்டி உண்டாகியிருக்கிறதா, தையல் புண் பழுத்திருக்கிறதா, இடுப்புக்குள் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். மருந்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பிரசவமான முதல் இரண்டு நாளுக்குள்ளேயே அதிகக் காய்ச்சலும் தாங்க முடியாத வலியும் வந்து, வயிற்றைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையென்றால், ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். அது மணிக்கணக்கில் பரவும். அதற்குக் காத்திருந்து பார்ப்பது என்ற பேச்சே இல்லை.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. சிசேரியனில் தோலை வெட்டுவதற்கு முன்பே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால் இந்த அழற்சி பாதிக்கும் மேல் குறைகிறது. 2023இல் வெளியான, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 29,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, சுகப்பிரசவத்துக்கு வலி எடுத்திருக்கும்போது 2 கிராம் அசித்ரோமைசின் ஒரு முறை வாய்வழி கொடுத்தால், தாய்க்கு இரத்தத்தில் தொற்று பரவுவதோ மரணமோ நேர்வது மூன்றில் ஒரு பங்கு குறைவதாகக் காட்டியது. எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடுமே என்ற கவலை நியாயமானது. அதனால் எங்கே, யாருக்கு என்பதை ஒவ்வொரு நாடும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

பிரசவத்தைப் போலவே கருச்சிதைவுக்குப் பின்னும் இது வரும். கருக்கலைப்பு மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கிப் போட்டுவிட்டு, பாதி கலைந்து பாதி உள்ளே தங்கிய நிலையில் பத்து நாள் கழித்து வரும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். திருமணமாகாதவர், கணவருக்குத் தெரியாமல் எடுத்தவர், மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று மிரட்டப்பட்டவர் எனக் காரணங்கள் பல; வெட்கமும் அச்சமும்தான் அவர்களைத் தாமதிக்க வைக்கின்றன. இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பாகக் கருக்கலைப்பு செய்துகொள்ள வழி உண்டு. பெயரை வெளியிடாமல் காப்பது மருத்துவரின் கடமை. மாத்திரை போட்ட அன்று சற்றே குளிரும் காய்ச்சலும் வருவது அந்த மாத்திரையின் இயல்பு. மறுநாளும் காய்ச்சல் நீடித்தாலோ, தீட்டில் நாற்றம் வந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் நனைந்துகொண்டே இருந்தாலோ உடனே வர வேண்டும். என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக உங்களைத் திட்டுகிற மருத்துவர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே நான் சொல்வேன்.

இப்போது உங்களுடைய அறிக்கைக்கு வருகிறேன். நாள்பட்ட அழற்சிக்குக் காய்ச்சல் கிடையாது. பலருக்கு வலியும் கிடையாது. மாதவிடாய்க்கு இடையில் இலேசாகத் தீட்டுப்படுதல், அடிவயிற்றில் மந்தமான கனம், வெள்ளைப்படுதல் ஆகியவை சிலருக்கு இருக்கலாம். அவையும் இன்ன நோய் என்று காட்டிக்கொடுக்காதவை. ஸ்கேனில் தெரியாது. இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. கரு தங்காததற்கோ கலைந்ததற்கோ காரணம் தேடும்போதுதான் அகப்படும். ஈ.கோலை, என்டரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற சாதாரணக் கிருமிகளும், மைக்கோபிளாஸ்மா, யூரியாபிளாஸ்மா வகைகளும்தான் பெரும்பாலும் பின்னால் இருக்கின்றன. முதல் கருச்சிதைவின்போது உள்ளே தங்கிய சிறு திசுவைச் சுற்றிக்கூட இது தொடங்கியிருக்கலாம்.

நுண்நோக்கியில் அந்தத் திசுவைப் பார்ப்பவர் தேடுவது ஒரே ஒரு உயிரணுவை. பிளாஸ்மா செல் என்பது அதன் பெயர். எதிர்ப்பொருள்களைச் சுரக்கும் அணு அது. முட்டை வடிவில் இருக்கும். உட்கரு நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருக்கும். அந்த உட்கருவுக்குள் கரும்புள்ளிகள் கடிகார முகத்தில் எண்களைப் போல வட்டமாக அமர்ந்திருக்கும். உட்படலத்தில் வேறு காவல் அணுக்கள் எப்போதும் இருக்கும்; மாதவிடாயை ஒட்டி நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட வரும்; அவற்றுக்கெல்லாம் அழற்சி என்று பொருள் இல்லை. பிளாஸ்மா செல் கூட்டமாக அங்கே வந்து அமர்ந்திருந்தால் மட்டும், எதையோ எதிர்த்து உடல் நெடுநாளாகப் போராடுகிறது என்று பொருள். சிக்கல் என்னவென்றால், சாதாரணச் சாயத்தில் அந்தப் படலத்தின் சொந்த அணுக்களே சில நேரம் பிளாஸ்மா செல்லைப் போலத் தோற்றம் காட்டும். அதனால்தான் சி.டி.138 என்ற சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அதில் பிளாஸ்மா செல்கள் பழுப்பு நிற விளிம்போடு தனித்துத் தெரியும். எத்தனை செல் இருந்தால் நோய் என்பதில் உலக அளவில் ஒரே அளவுகோல் இன்னும் இல்லை. ஓர் ஆய்வகம் 'உண்டு' என்பதை இன்னொன்று 'இல்லை' என்று எழுத இது ஒரு காரணம். ஹிஸ்டரோஸ்கோப் எனும் கருவியால் உள்ளே நேரில் பார்க்கும்போது, சிவந்த பரப்பில் வெண்புள்ளிகள் தெளித்து ஸ்ட்ராபெரிப் பழத்தோல் போலவோ, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய மொட்டுகள் அசைவதாகவோ தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

திசு எடுத்த நாளும் முக்கியம். இதற்குத் தீட்டு நின்ற பின், முட்டை வெளியேறும் முன், அதாவது சுழற்சியின் ஆறாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரை எடுப்பது நல்லது. உங்களுக்கு எந்த நாளில் எடுத்தார்கள் என்று சீட்டில் பாருங்கள்.

மருந்து எளிமையானதுதான். டாக்சிசைக்ளின் 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 14 நாட்கள் என்பது பெரும்பாலும் முதல் படி. கேட்காவிட்டால் மெட்ரோனிடசோலோடு வேறு மருந்து சேர்ப்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றோ இரண்டோ சுற்றில் பிளாஸ்மா செல்கள் மறைந்துவிடுகின்றன. வாரக்கணக்கில் இழுப்பதாக நீங்கள் நினைப்பது மருந்தால் அல்ல; மருந்து முடித்து, ஒரு தீட்டு வந்து, மறுபடி திசு எடுத்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று உறுதிசெய்யக் காலம் ஆகிறது. அந்த மறுபரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். டாக்சிசைக்ளினை ஒரு முழு டம்ளர் நீரோடு உட்கார்ந்து விழுங்க வேண்டும். உடனே படுத்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும், வயிற்றெரிச்சல் மருந்தோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் உடலில் சரியாக ஏறாது. கருத்தரிக்க முயலும் பெண்கள் பலர் தினமும் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். மருந்து போடும் மாதத்தில் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டு கருச்சிதைவுக்கும் இதுதான் காரணமா? நேர்மையாகச் சொன்னால், காரணமாக இருக்கலாம் என்ற அளவில்தான் இன்றைய அறிவு நிற்கிறது. தொடர்ந்து கரு கலையும் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. மருந்து எடுத்துத் திசு தெளிந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பம் நன்றாக அமைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மருந்து பெற்றோரைப் பின்தொடர்ந்து எழுதியவையே தவிர, மருந்தும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டவை அல்ல. ஆகவே இதைச் சரிசெய்யுங்கள், ஆனால் இதோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு, சர்க்கரை, இரத்தம் உறையவைக்கும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள், கருப்பைக்கு நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பது ஆகியவற்றையும் பார்த்திருக்க வேண்டும். பாஸ்போலிப்பிட் சோதனை ஒருமுறை நேர்மறையாக வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி செய்தே முடிவுக்கு வர வேண்டும்.

நம் நாட்டில் இந்த அறிக்கையைப் பார்க்கும் மருத்துவர் மனத்தில் எழும் இன்னொரு கேள்வி காசநோய். நுரையீரலில் எப்போதோ வந்து அடங்கிய கிருமி, இரத்தம் வழியாகக் கருக்குழாய்க்கு வந்து தங்கி, அங்கிருந்து உட்படலத்துக்கு இறங்கும். இருமலும் இராது, காய்ச்சலும் இராது. தீட்டு வரவரக் குறைந்து நின்றுபோவதும் குழந்தையின்மையுமே அடையாளம். கிரானுலோமா என்ற காசநோய் முடிச்சுகள் உருவாக நாள் பிடிக்கும். உட்படலமோ மாதந்தோறும் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே காசநோயைத் தேடும்போது மட்டும் தீட்டு வருவதற்குச் சில நாள் முன்பாகத் திசு எடுக்க வேண்டும். ஒரு பகுதியைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்திலும் மறுபகுதியை உப்பு நீரிலும் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், வளர்த்துப் பார்க்க வழியிராது. இந்தச் சிறு கவனக்குறைவால் மீண்டும் ஒருமுறை வலியைத் தாங்க வேண்டியவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. உட்படலத்தில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை நேர்மறை என்ற ஒரே காரணத்தை வைத்து, வேறு எந்தச் சான்றும் இல்லாமல், குழந்தைக்காக ஏங்கும் பெண்களை ஆறு மாதக் காசநோய் மருந்தில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. கிருமி வளர்ந்ததா, முடிச்சுகள் தெரிந்தனவா, வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபியில் குழாயும் இடுப்பு உறையும் அதற்கேற்ற தோற்றத்தில் இருந்தனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காசநோய் உறுதியானால் தயங்காமல் ஆறு மாதமும் மருந்து எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சேதப்பட்ட குழாய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதையும், குழாய்க்குள்ளேயே கரு தங்கிவிடும் ஆபத்து இருப்பதால் அடுத்த கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிளமிடியா, கொனோரியா போன்ற பாலுறவுத் தொற்றுகள் காரணமென்று தெரிந்தால் கணவருக்கும் அதே சமயத்தில் சிகிச்சை வேண்டும்; இல்லையென்றால் குணமான வீட்டுக்குள் நோய் மறுபடி நுழையும். காப்பர் டி போட்டதால் தொற்று வருமா என்று பலர் கேட்கிறார்கள். போட்ட முதல் மூன்று வாரங்களில் மட்டும் சற்றே கூடுதல் வாய்ப்பு உண்டு; அதன்பின் அந்தப் பயம் தேவையில்லை.

உறவினர் சொன்னதற்குக் கடைசியாக ஒருமுறை திரும்புகிறேன். 'கர்ப்பப்பையில் புண்' என்ற ஒரே சொல்லில் நம் ஊரில் வெள்ளைப்படுதல், கருப்பை வாயில் சிவந்த இடம், உட்படல அழற்சி, உண்மையான புற்றுநோய் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டு அஞ்சியே, முப்பது வயதில், தேவையில்லாமல் கருப்பையை இழந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆன்டிபயாட்டிக்கால் தீரும் ஒன்றுக்கு அது சிகிச்சையே அல்ல. மாதவிடாய் நின்ற பிறகு வரும் தீட்டும், கருப்பைக்குள் சீழ் கட்டுவதும் வேறு. அந்த வயதில் அழற்சி என்று எழுதியிருந்தாலும் பின்னால் புற்று இல்லை என்பதைத் திசுப் பரிசோதனையால் உறுதிசெய்தே தீர வேண்டும். 31 வயதில், கரு சுமக்க விரும்பும் உங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு கருச்சிதைவின் சீட்டுகளையும், திசு எடுத்த தேதியையும், அதற்கு முந்தைய தீட்டுத் தேதியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சி.டி.138 சாயம் போட்டார்களா என்று கேளுங்கள். போடவில்லையென்றால் அதற்காக மறுபடி திசு எடுக்க அவசரப்பட வேண்டாம். உங்களிடம் எடுத்த திசுவை மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள், அதிலிருந்தே மெல்லிய சீவல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்க முடியும். உங்கள் அறிக்கை எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள்.